ஏழு மணிக் கரண்டு

நான் ஊரில் இல்லாதபோது என் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சாவியை அவரிடம் விட்டுவைத்திருந்தேன், அவ்வளவுதான். முன்பு பினாங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த தோழியின் மகளுக்குக் கல்யாணம். போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், முன் அறையில் கித்தார் ஆம்ப்ளிஃபையர் இருந்த மூலை காலி.

“ஒங்க அண்ணன்தான் புள்ள வந்தாரு. ஈப்போ கோயில்ல நிகழ்ச்சியாம், முடிஞ்சதும் கொண்டாந்துடுறேன்னாரு. ஒங்கூடப் பொறந்தவருக்குச் சாவி தரமாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார் அக்கா.

அவர் கேட்டது நியாயம். அந்த நியாயம்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கூடப் பிறந்தவன் என்றால் கேட்காமலே எடுக்கலாம் என்பது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எடுப்பது அண்ணனாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த ஆம்ப்ளிஃபையர் யாருடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துரை பங்களாவின் சாமான் அறையை ஒழித்தபோது, அங்கே தோட்ட வேலை பார்த்த அப்பா அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வால்வு காலத்துச் சாமான், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அண்ணன் அதில் சில வருடம் வாசித்தான். பிறகு அது ‘ங்’ என்று இரைய ஆரம்பித்தது. அவனும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்து, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். இது அடுப்படியில் கிடந்தது. அதன் மேல் அரிசி மூட்டை வைத்திருந்தோம். எலி உள்ளே குட்டி போட்டது. அப்போதெல்லாம் யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் தொழிற்சாலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினேன். தோட்டத்துத் தேயிலைக் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலை விற்கும் வேலை கிடைத்தது. அம்மா போன பிறகு மாலையில் வீடு காதை அடைப்பதுபோல் அமைதியாக இருந்தது. அப்போதுதான் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அதைத் திறந்தேன். வருடக்கணக்காக ஈயம் பற்றவைத்த கை, சும்மா இருக்குமா?

மெழுகு ஒழுகிய கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். சத்தம் கீச்சென்று குத்திய இடத்தைத் தேடித் தேடி மட்டுப்படுத்தினேன். பெட்டியின் பின்பலகையில் பாதியை அறுத்து எடுத்தேன். அதுவரை பெட்டிக்குள்ளேயே முனகிக் கொண்டிருந்த சத்தம் அறைக்குள் வந்தது. ஸ்பீக்கரின் தாள் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதே கனத்துக்குத் தாள் வேண்டும், ஆனால் விறைக்கக் கூடாது. எங்கள் கடையில் விற்கும் தேயிலைப் பையைப் பிரித்து, தூளைக் கொட்டிவிட்டு, அந்தத் தாளை வெள்ளைப் பசையில் தோய்த்து ஒட்டினேன். இன்றுவரை பிரியவில்லை. படம் எடுத்து இணையத்தில் போட்டபோது, எங்கேயோ இருக்கும் ஆண்கள் எல்லாம் சேர்ந்து பழம்பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று திட்டினார்கள். எலி குட்டி போட்டபோது இவர்கள் எங்கே போயிருந்தார்கள்?

மலை ஈரத்தில் ஸ்பீக்கர் தாள் ஊறிப்போகும். எங்கள் பக்கம் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிடாத வீடு குறைவு. விட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையில் பூஞ்சை பூத்துவிடும். அதேபோல் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன பல்பு வைத்தேன். அலமாரிக்குள் இருந்த பல்புக்குப் பக்கத்தில், பினாங்கில் என் சம்பளத்தில் வாங்கிய என் கித்தார் நின்றது.

ஆமாம், நான் வாசிப்பேன். அண்ணனுக்குத் தெரியாது. சின்ன வயதில் அவனுடைய கித்தாரை நான் தொட்டதற்குக் கையில் பட்டென்று அடித்து, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?” என்று சிரித்தான். அன்றிலிருந்து அவன் கண்ணெதிரில் நான் எந்தக் கித்தாரையும் தொட்டதில்லை. அவன் வருவது கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும்தான் என்பதால் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் ஒரு சின்ன வட்டக் கட்டை இருக்கும். பிடுங்கித் திருப்பிச் செருகலாம். 200, 220, 240 என்று எண்கள் போட்டிருக்கும். எந்த ஊரில் கரண்டு எவ்வளவோ, அந்த எண்ணில் வைக்க வேண்டும். நாட்டில் மற்ற இடங்களில் 240 என்பார்கள். எங்கள் லயம் தோட்டத்து லைனின் கடைசி முனை. மாலை ஏழு மணிக்கு வீடு வீடாக ரைஸ் குக்கரும் சுடுதண்ணீர் ஹீட்டரும் போட்டதும் விளக்கெல்லாம் மங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் இருநூறுக்கும் கீழே நிற்கும். 240-இல் விட்டால் ஆம்ப்ளிஃபையர் பட்டினி கிடந்தவன் பாடுவதுபோல் பாடியது. 200-இல் வைத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குக் கிடைத்த சொத்து. ஏழு மணிக்குக் கரண்டு இறங்கியதும் கம்பியை அழுத்தி மீட்டினால், சத்தம் உடனே பாயாது. கொஞ்சம் பின்வாங்கி, பிறகு தடித்து எழுந்து, ஆற அமரத் தேயும். எந்தக் கண்டென்சரை மாற்றியும் எனக்கு அந்தத் தொனி கிடைத்திருக்காது. பக்கத்து வீட்டுச் சோறு வெந்து குக்கர் நின்றதும் சத்தம் பழையபடி விறைத்துவிடும். அதோடு மூடிவைத்துவிட்டு நானும் சாப்பிடப் போவேன். பகலில் லைனில் ஆள் இல்லாமல் கரண்டு ஏறி நிற்கும்போது அதைத் தொடவே மாட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தபோது ஆம்ப்ளிஃபையர் பாடுவதைப் பார்த்தான். “அட, உயிர் வந்துருச்சே!” என்று வாசிக்க உட்கார்ந்தான். பின்னால் எட்டிப் பார்த்து, “நம்ம நாட்டுக் கரண்டு 240 லா, இதுகூடத் தெரியாதா?” என்று திருப்பிவிட்டான். சத்தம் செத்தது. “ஒன் வேலை சரியில்ல” என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போனான். அன்றைக்குத்தான் நான் கட்டையை மறுபடி 200-க்குத் திருப்பி, ஒரு துண்டு டேப்பில் எழுதி அங்கே ஒட்டினேன்: 200. மாத்தாதே.

இப்போது அதே ஆம்ப்ளிஃபையர் அவனுடைய காரில் ஈப்போவுக்குப் போயிருந்தது. அன்று மாலை நான் கூப்பிட்டேன், அவன் எடுக்கவில்லை. மறுநாள் அவனே கூப்பிட்டான்.

“தங்கச்சி, ஆம்ப் ரோசாக் ஆயிடுச்சு லா. பாதிப் பாட்டுல பொகை வந்துருச்சு. பழைய சாமான்தானே, என்ன பண்றது?”

ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து இறக்கினான். வாசலிலேயே கருகிய வார்னிஷ் நாற்றம் அடித்தது. திறந்து பார்த்தேன். ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்ஃபார்மர் கரிக்கட்டை. ஃபியூஸைக் கழற்றினால் அதைச் சுற்றிச் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள். அதாவது, ஃபியூஸ் ஒரு தடவை போய் எச்சரித்திருக்கிறது. இவர்கள் அதற்கு வெள்ளித்தாள் சுற்றி மறுபடியும் ஓட்டியிருக்கிறார்கள். என் டேப் மட்டும் ஓரம்கூடக் கிளம்பாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

“200-ல வச்சு 240 கரண்டுல போட்டியா?” என்றேன்.

“நீதானே மாத்தாதேன்னு எழுதியிருந்தே? நான் மாத்தலையே!”

என் ஆயுசில் நான் சொல்லி அவன் கேட்ட ஒரே சொல் அதுதான்.

“அது இந்த வீட்டுக் கரண்டுக்கு எழுதினது.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“கேக்கறதுக்கு நீ ஊர்லயே இல்ல.”

“போன் இருக்குல்ல? ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?”

மலைப்பாதையில் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று வானத்தைப் பார்த்தான். காரில் ஏறும்போது, “ஈப்போ கடையில கேட்டேன். உள்ள இருக்கறதெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு ஒரு சின்ன போர்டு வச்சிடலாமாம். வெளிய பார்க்க அப்படியே பழசாட்டம் இருக்கும்” என்றான். கதவை அறைந்து சாத்தினேன். காரின் கதவைத்தான்.

கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டங்களின் தண்ணீர்ப் பம்புகளுக்குச் சுருள் சுற்றித் தரும் ஒரு சீனத் தவுக்கே, பட்டறை முதலாளி, இருக்கிறார். கரிந்ததை அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றித் தருகிறேன், ஆனால் உள்ளே எத்தனை சுற்று இருந்தது என்று யாராவது பிரித்து எண்ணிச் சொல்ல வேண்டும், எனக்கு நேரமில்லை என்றார். எனக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா? ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். முடிபோல் மெல்லிய செம்புக் கம்பி. நூறு சுற்றுக்கு ஒரு கோடு என்று தரையில் சாக்கட்டியால் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்த பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். கண் எரிந்தது. விரல் நுனி கருகிய வார்னிஷில் கறுத்தது. மறுநாள் கடையில் தேயிலைப் பாக்கெட்டை நீட்டினால் வருகிறவர்கள் என் விரலைப் பார்த்தார்கள்.

ஒருநாள் பாதி எண்ணிக்கையில் இருக்கும்போது அண்ணன் போன் பண்ணினான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

“என்னா, இன்னும் கோவமா?” என்றான். “நீ எனக்குன்னுதானே இவ்வளவும் செஞ்சு வச்சிருந்தே? அதைத்தானே நான் எடுத்துட்டுப் போனேன்? இதுக்குப் போய் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே.”

என் கை நின்றுவிட்டது.

எனக்குன்னுதானே. அவன் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னான். ஒரு பெண் மாலை மாலையாக உட்கார்ந்து ஒரு கித்தார் ஆம்ப்ளிஃபையரைச் செப்பனிட்டால், அது வீட்டுக்கு வரப்போகும் ஆண்பிள்ளைக்காகத்தான் இருக்க வேண்டும். வேறு எதற்கு இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரை எரித்ததைக்கூட நான் ஒருநாள் மன்னித்திருப்பேன். இது எனக்குத் தாங்கவில்லை. எண்ணிக்கை போனது. கடைசிக் கோட்டிலிருந்து பிரித்த கம்பியை மறுபடி கட்டையில் சுற்றி, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அந்த நூறை மட்டும் முதலிலிருந்து எண்ணினேன்.

தவுக்கே சுற்றித் தந்தார். அதோடு சேர்ந்து போயிருந்த வால்வுகளுக்குப் பதில் புதியவற்றைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தேன். எல்லாம் மாட்டி, ஒரு மாலை ஏழு மணிக்கு அழுத்திப் பார்த்தபோது, பின்வாங்கித் தடித்து எழுந்தது அதே தொனி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, “வந்துருச்சா புள்ள?” என்று கத்தினார். நான் அழுதுவிட்டேன்.

செய்தி அண்ணனுக்கும் போயிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முதுகில் கித்தாரும் கையில் கேக் பெட்டியுமாக வந்து சேர்ந்தான். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கித்தாரைச் சுருதி சேர்த்தான்.

“போடு” என்றான்.

“ஏழு ஆகட்டும்.”

“என்னா, நேரம் காலமெல்லாம் பாக்கறே?” என்று சிரித்தான்.

விளக்கு மங்கியது. அக்கா குக்கர் போட்டுவிட்டார். நான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அண்ணன் தன் கித்தார் வயரின் முனையைச் செருகச் சொல்லி என் பக்கம் நீட்டினான். நான் அதை வாங்கவில்லை. அலமாரியைத் திறந்து, பல்புக்குப் பக்கத்திலிருந்த என் கித்தாரை எடுத்தேன். பல்பின் சூட்டில் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. என் வயரைச் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்தேன்.

முதலில் கோயிலில் பாடும் ஒரு பாட்டை வாசித்தேன். அப்புறம் பாட்டு எதுவும் இல்லாமல் வாசித்தேன். கோபம் எல்லாம் விரலுக்கு வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?” என்றான் அண்ணன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காதான் சொன்னார்: “தெனமும் இதே நேரம்தான் தம்பி. எங்க வூட்டுச் சோறு வேகற வரைக்கும்.”

அவன் என் விரல்களைப் பார்த்தான். பிறகு வயரின் முனையை மறுபடியும் நீட்டினான். “சரி, முடிச்சிட்டுக் குடு.”

“கேளு” என்றேன்.

“என்னாத்த?”

“தர்றியான்னு கேளு.”

அவன் முகம் சிவந்தது. அந்த வீட்டில் அவன் எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா வீட்டிலிருந்து சோறு வேகும் வாசனை வந்தது. கடைசியில், குரல் எழும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, “தர்றியா?” என்றான்.

“இன்னிக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, குக்கர் நிற்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்தேன்.