ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சத்தம் கூடாது என்பதால், ஜெர்மனியில் நாங்கள் இப்போது இருக்கும் வால்டோர்ஃபில் பாதிப்பேர் சனிக்கிழமைதான் வெட்டுவார்கள். ஜன்னல் வழியாக வந்த அந்தப் பச்சை வாசனை என்னை நேராக டெக்சாஸில் கொண்டுபோய் விட்டது.

அங்கே எங்கள் வீட்டுக்கு முன்னால் புல், பின்னால் புல், நடுவில் நானும் என் மனைவி மாலதியும். வீட்டின் முகமே கார் ஷெட்தான். கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடிக்கொள்ளும். மனுஷ முகம் பார்க்கக் கடைக்குத்தான் போக வேண்டும். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் கையசைத்து, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நம் ஊர்க்காரனிடம் இப்படிச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்! அடுத்த ஞாயிறே கேசரியோடு போய் நின்றோம், போன்கூடப் பண்ணாமல். மனிதர் வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். மறுநாள் அது எங்கள் வாசற்படியில் இருந்தது, கழுவித் துடைத்து, ஒரு நன்றி அட்டையோடு.

"வெறும் பாத்திரமாத் தந்திருக்காங்க. ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டிருக்கலாம்" என்றாள் மாலதி.

பிறகு ஷாங்காய். பத்து அடுக்குமாடிகள், சுற்றி மதில், ஒரே கேட், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம். வெயில் வந்தால் அங்கே போர்வைகள் காயும், சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆடுவார்கள். மூன்றே மாதத்தில் மாலதி அந்த ஆட்டத்தில் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டாள். எதிர் ஃபிளாட் லின் அவள் வயதுதான். நேரே சமையலறைக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள். அவளிடமே மாலதி சீன மொழி கற்றுக்கொண்டாள்; இருவரும் அதில் பேசிப் பேசிச் சிரிப்பார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கேசரியில் சூடுபட்டவன், நானே டெக்சாஸ்காரனாகியிருந்தேன்.

"போன் பண்ணிட்டு வரச் சொல்லேன்."

"நாலு எட்டு நடந்து வர்றதுக்கு எதுக்குங்க போன்?"

ஜெர்மனி வேலை வந்ததும் அவளைக் கேட்காமலே ஒப்புக்கொண்டேன். தனி வீடு, வேலி, அமைதி. "இங்கேயே இருந்துடலாமே" என்றாள், ஒரே ஒரு தடவை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். தப்புதான்.

நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தபால்காரரைத் தவிர யாரும் மணி அடித்ததில்லை.

போன மாதம் பக்கத்து நகரமான கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆசியக் கடைக்குப் போனோம். இரண்டு சீனப் பெண்கள் முட்டைகோஸைப் புரட்டிப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். மாலதி ஆசையாகப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தாள். சீனத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. முட்டைகோஸ் எடுக்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து அவர்கள் சிரித்தபடி வழிவிட்டார்கள்.

காரில் ஏறியதும் சொன்னாள்: "எல்லாம் போயிடுச்சுங்க. ஒரு வார்த்தைகூட இல்ல."