ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

இது நடந்தது. நடக்கவில்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் ஒரு நடை டெக்ஸாஸில் இருக்கிற பிளானோவுக்கு வந்து, ஜம்புநாதன் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜம்புநாதனைப் பிடிக்காது. பிடிக்காத ஆளைப் பற்றிப் பேய்க் கதை கட்டி அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுக்க எனக்கென்ன தலையெழுத்தா? நடந்ததால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1999-ல் அவன் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் மாடியில் இருந்தான். மனைவி அனந்தலக்ஷ்மி, ஐந்து வயதுப் பெண் ரக்ஷா. கிரீன் கார்டு வந்ததிலிருந்து, தனக்குப் பிறகு அமெரிக்காவில் இறங்கிய எந்த இந்தியனைப் பார்த்தாலும் அவனுக்கு மூக்கு சுருங்கும். "இன்னும் சூட்கேஸ் வாசனையே போகலை, அதுக்குள்ள வந்துட்டான்" என்பான். இவன் ஏதோ கப்பலில் கொலம்பஸுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன் மாதிரி.

ஆனால் வாய் மட்டும் சர்க்கரை. கோயிலோ, மளிகைக் கடையோ, தமிழ் பேசுகிற ஒரு முகத்தைப் பார்த்தால் எந்த ஊர், எந்த கம்பெனி என்று விசாரித்துவிட்டு, கடைசியில் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பான். விலாசம் தர மாட்டான். போன் நம்பர் தர மாட்டான். யாரும் வந்ததில்லை. நாம் எல்லாரும் இதைச் சொல்கிறவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நமக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். ஜம்புநாதன் அதை ஒரு கலையாகவே வைத்திருந்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மவுன்ட் டாம் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கடலை ஒட்டி நிற்கிற மலை அது. கிழக்கு உச்சியில் ஏறி நின்றால் வளைகுடா, பாலங்கள், நகரம் எல்லாம் காலடியில் கிடக்கும். ஒரு நகரத்தையே மேலிருந்து கீழாகப் பார்ப்பது ஜம்புநாதனுக்கு மிகவும் பிடித்த விஷயம். அதற்கு மலை தேவை என்பது மட்டும்தான் அவனுக்குக் குறை.

அவர்கள் உச்சியை எட்டும்போது சாயங்காலம் ஐந்து இருக்கும். கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். பாறைமேல் காட்டுத்தீ பார்க்கிற பழைய காவல் வீடு ஒன்று, பூட்டிக் கிடந்தது. காற்று காதைப் பிய்த்தது. ஜம்புநாதன் காமிராவை வைத்துக்கொண்டு, தானும் படத்தில் விழ வேண்டுமே என்று சுற்றிலும் ஆள் தேடினான்.

"குடுங்க, நான் எடுக்கறேனுங்க."

திரும்பினான். கல்லும் சரளையுமாக இருக்கிற பாதை. காலடிச் சத்தம் கேட்கவே இல்லை.

ஒல்லியான பையன், இருபத்தைந்து இருக்கும். உள்ளே செருகிய வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டில் பேனா, காலில் கறுப்பு ஆபீஸ் ஷூ. மலைக்கு இந்தக் கோலத்தில் வருகிறவன் நேற்று விமானத்திலிருந்து இறங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். ஜம்புநாதனின் மூக்கு சுருங்கிவிட்டது.

அனந்தலக்ஷ்மி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அவளுடைய துப்பட்டா காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய டை... அசையவில்லை. பாறை காய்ந்து கிடந்தது. அவன் ஷூ மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மூன்று பேரும் நகரத்துக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தின் ஓரத்தில் நின்றார்கள். அவன் எதிரே, காவல் வீட்டுப் பக்கம் நின்று படம் எடுத்தான். கிளிக்.

"பேரு திருமூர்த்திங்க. உடுமலைப் பக்கம்."

"ஓ, குட், குட். புதுசா வந்திருக்கீங்களா?"

"கொஞ்ச நாளாச்சுங்க."

"சரி, லேட் ஆயிடுச்சு. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க."

அந்தப் பையன் சிரிக்கவில்லை. ஜம்புநாதனை நேராகப் பார்த்தான்.

"எப்ப வரட்டுங்க?"

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதை யாரும் கேட்கக் கூடாது என்பதுதானே நமக்குள் இருக்கிற ஏற்பாடு! ஜம்புநாதன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு கலைஞன் அல்லவா, சமாளித்துவிட்டான்.

"எப்ப வேணா வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

"சரிங்க. வாரனுங்க."

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இவர்களுடைய காம்ரி மட்டும்தான் நின்றது. அனந்தலக்ஷ்மி மேலே திரும்பிப் பார்த்தாள். பனி மூடியிருந்தது.

"ஏன்னா, அந்தப் பையன் எதுல வந்திருப்பான்? வேற காரே இல்லையே?"

"எவன் கார்லயாவது தொத்திண்டு வந்திருப்பான். பஞ்சப் பரதேசி."

"வீட்டுக்கு வாங்கன்னேள், அட்ரஸே குடுக்கலையே?"

"அதான்டி டெக்னிக்" என்று சொல்லி, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "எப்ப வரட்டுங்க, எப்ப வரட்டுங்க" என்று அந்தப் பையன் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினான். வண்டிக்குள் பிரிஞ்சி இலை வாசனை அடித்தது. அந்த மலையில் அந்த மரம் நிறைய உண்டு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ரக்ஷா பின் சீட்டின் ஓரத்தில், ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"நன்னா காலை நீட்டி உக்காரேன்டி."

"தேர் இஸ் நோ ஸ்பேஸ், அம்மா."

மறுநாள் காலையில் ஜம்புநாதன் ஆபீஸுக்குக் கிளம்பியபோது, வாசலில் அவர்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. ஈரமாக. உள்ளே நுழைகிற விருந்தாளி கழற்றி வைக்கிற மாதிரி, நுனி வீட்டைப் பார்த்து.

பக்கத்து வீட்டுக்காரன் வேலை என்று அவனைத் திட்டிக்கொண்டே, அதை எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் வீசினான்.

சாயங்காலம் வந்தால் அது அங்கேயே இருந்தது. அதே இடத்தில். அதே ஈரத்தோடு. மறுபடியும் வீசினான். மறுபடியும் வந்தது. ஆபீஸில் நாற்பது பேரை மேய்க்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவன், ஒரு ஜோடி ஷூவை வாசலைவிட்டுக் கிளப்ப முடியாமல் முழித்தான்.

அந்த வாரம் புதன்கிழமை ரக்ஷா தமிழ் பேசினாள்.

அந்தப் பெண் தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். அனந்தலக்ஷ்மி கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டு எப்போதோ விட்டுவிட்டாள். அன்றைக்குத் தட்டில் இன்னொரு தோசை போட்டபோது ரக்ஷா கையை நீட்டித் தடுத்தாள்.

"போதுங்கம்மா. வயிறு நெறஞ்சிருச்சுங்க."

அனந்தலக்ஷ்மிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மயிலாப்பூருக்குப் போன் போட்டு, குழந்தையைத் தமிழில் பேசவைத்து, அந்தப் பக்கம் எல்லாரையும் அழவைத்தாள். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கொங்குத் தமிழ் வராதே, இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. பெருமை கண்ணை மறைக்கும்போது காதையும் சேர்த்துத்தான் மறைக்கும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, படமும் கழுவித் தருகிற மருந்துக் கடையில் கொடுத்திருந்த ஃபோட்டோக்கள் வந்தன. ஜம்புநாதன் கடை வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினான். உச்சியில் எடுத்த படம் வந்தது.

மூன்று முதுகுகள்.

அவனுடையது, அனந்தலக்ஷ்மியுடையது, நடுவில் ரக்ஷாவுடையது. அவர்களுக்கு அந்தப் பக்கம் பாறையும் காவல் வீடும். அங்கே, அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அந்த இடத்தில்... யாரும் இல்லை.

அந்தப் படத்தைப் பள்ளத்தின் பக்கமிருந்துதான் எடுத்திருக்க முடியும். பள்ளத்தில் நிற்க இடம் கிடையாது. வெறும் காற்றுதான்.

அவன் வீட்டுக்கு ஓடினான். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததாக அனந்தலக்ஷ்மி சொன்னாள். ரக்ஷா இரண்டு நாளாக ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லையாம். கையெல்லாம் ஜில்லிட்டுக் கிடக்கிறதாம்.

"யார்கிட்டடி இப்படிப் பேசக் கத்துண்டே?" என்று அவன் கேட்டான்.

"மாமாகிட்டங்க" என்று சொல்லிவிட்டு, ஹாலில் காலியாகக் கிடந்த சோஃபாவைக் காட்டினாள்.

சோஃபாவின் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

அனந்தலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போன் பண்ண உள்ளே ஓடினாள். ஜம்புநாதன் நின்ற இடத்திலேயே நின்றான்.

வாசலில் ஏதோ சத்தம்.

சரக்... சரக்...

பார்த்தான். ரக்ஷா எப்போது எழுந்து போனாள்? கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் உட்கார்ந்து தன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு லேஸ் கட்டத் தெரியாது.

"எங்கடி போறே?"

"மாமா வீட்டுக்குங்க. கூப்பிட்டாருங்க. வாரேன்னு சொல்லிட்டனுங்க."

"எங்கடி இருக்கு அந்த வீடு?"

"மேலேங்க."

அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு ஷூ. இப்போது நுனி வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் லேஸ் நகர்ந்தது.

முடிச்சு விழுந்தது. இறுகியது.

ஜம்புநாதன் குழந்தையைக் கட்டிப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. ஐந்து வயதுக் குழந்தை, பாறை மாதிரிக் கனத்தது.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இந்த ஒரு இடத்தில் அவனை நான் கேலி செய்யப் போவதில்லை.

"அவ குழந்தை. தெரியாம சொல்லிட்டா. அவ வேண்டாம்... நான் வரேன்."

லேஸ் நின்றது.

ரக்ஷா தலையைத் தூக்கினாள். குரல் அவளுடையதுதான். கேட்டது அவள் இல்லை.

"எப்ப வருவீங்க?"

பழகிப்போன நாக்கு. அது தானாகவே சொன்னது.

"ஒரு நாள்... கண்டிப்பா வரேன்."

"சரிங்க."

டக்... டக்... டக்...

படியில் இறங்கிப் போனது. ஆள் இல்லை. வாசலில் ஷூவும் இல்லை.

"ஐ ஆம் ஹங்ரி, டாடி" என்றாள் ரக்ஷா.

மூன்றே மாதத்தில் ஜம்புநாதன் டெக்ஸாஸில் வேலை தேடிக்கொண்டு பிளானோவுக்குக் குடிவந்துவிட்டான். சம்பளத்துக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டான். சுற்றிலும் தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர், மலை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்காகத்தான் வந்தான். யாரையும் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுவதில்லை. திமிர் பிடித்தவன் என்று எல்லாரும் முதுகுக்குப் பின்னால் பேசினோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

2001 தீபாவளிக்கு ஒரு நண்பர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சிவராமகிருஷ்ணன் என்று ஒரு பெரியவர், முன்னால் கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருந்தவர், தட்டை ஏந்திக்கொண்டு ஜம்புநாதனோடு பேச்சுக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங்க ஆபீஸ்ல திருமூர்த்தின்னு ஒரு பையன் சார். 93-ல. கார் கிடையாது, யாரையும் தெரியாது. நாங்க எல்லாரும் வாய் நிறைய வீட்டுக்கு வா, வீட்டுக்கு வான்னு சொல்வோம். ஒருத்தரும் கூட்டிட்டுப் போகலை. எங்க கம்பெனி பிக்னிக்குக்கு மவுன்ட் டாம் போனோம். அங்க உச்சியில யாரோ ஒருத்தர் தமிழ்ல பேசினாராம், வீட்டுக்கு வரச் சொன்னாராம். அடுத்த ஞாயிறு சாப்பிடப் போறேன்னு டை எல்லாம் கட்டிண்டு கிளம்பினான். எங்கடா வீடுன்னு கேட்டேன். மேலேங்கன்னான்."

ஜம்புநாதன் தட்டைக் கீழே வைத்தான்.

"மேல வீடே கிடையாது சார். பள்ளத்துல கிடைச்சான். வெறுங்கால். ஷூ ரெண்டும் மேல, பாறையோட விளிம்புல இருந்துது. விழுந்து கழண்டதில்லை. யார் வீட்டு வாசல்லயோ கழட்டி வெச்ச மாதிரி அழகா, ஜோடியா... பள்ளத்தைப் பார்த்து."

அப்படியென்றால் திருமூர்த்தியைக் கூப்பிட்டது யார்? சிவராமகிருஷ்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஜம்புநாதன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டான்.

போன வாரம் அவன் என்னைக் கூப்பிட்டு மேலே சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். நான் நம்பவில்லை. மூன்று முதுகுகள் இருக்கிற அந்தப் படத்தைக் காட்டினான். அப்போதும் சிரித்தேன். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவனுடைய ஆபீஸ் ஷூ. ராத்திரி வீட்டைப் பார்த்துத்தான் கழற்றி வைப்பானாம். காலையில் வெளியே பார்த்துத் திரும்பியிருக்குமாம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

பிளானோவில் மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. ஷூ நனைந்திருந்தது. பிரிஞ்சி இலை வாசனை அடித்தது.

குனிந்து பார்த்தேன்.

ஒரு ஷூவில் லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது.

இன்னொன்றில் பாதி முடிச்சு விழுந்திருந்தது.