குதிருக்குள் ஆர்லன்

ஆர்லன் வோல்கர்ட்ஸ் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர். விவசாயம் தவிர வேறெதுவும் அறியாதவர். அந்த வருடம் ஈரத்தோடு அறுத்த மக்காச்சோளம் இரும்புக் குதிருக்குள் பாளமாக இறுகிவிட்டது. குத்தி உடைக்கக் கம்பியோடு கிளம்பினார்.

"இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்குங்க," என்றாள் மனைவி லவோன்.

"நாப்பது வருசமா இறங்குறேன். இன்னைக்கு என்ன புதுசா?"

கயிறில்லாமல் இறங்கி, மேலே நின்று குத்தியதில் காலடியில் பாளம் உடைந்தது. சோளம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் ஓடிப்போய்க் குதிரின் தகரத்தை அறுத்துச் சோளத்தைச் சரியவிட்டோம். நின்றபடியே செத்திருந்தார். வாய் நிறையச் சோளம்.

அடக்கம் முடிந்ததும் லவோன் சொன்னாள்: "அதை விக்க வேணாம். எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டிடுங்க."

ஓடைக்கரையில் கொட்டினோம். குளிர்காலம் முழுக்க மான்கள் வந்து தின்றன. ஓடைப் பக்கத்து ஜன்னலை லவோன் திறக்கவேயில்லை.