அறுநூற்று முப்பத்து நான்காம் நாள்

பேய், ஆவி, சகுனம் எதையும் நான் நம்பியவன் இல்லை. முப்பத்தோரு வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தினேன். விடுதியின் கடைசி அறையில் யாரோ நடமாடுகிறார்கள் என்று மாணவர்கள் பயந்தபோது, விடைத்தாள் திருத்த அமைதியான இடம் கிடைத்தது என்று அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் அதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் நம்புவீர்கள் என்றும் நினைக்கவில்லை. இந்த விஷயத்தில் நம்ப முடியாத பகுதி கொஞ்சம்தான், மீதி முழுக்க என் யோக்கியதை. அந்த மீதியையாவது நம்புங்கள், அது பொய்யில்லை.

ராஜாமணி வாடிப்பட்டிக்காரன். கல்லூரியில் மூன்று வருடம் எனக்கு அறைத்தோழன். பிறகு அவன் ஊரிலேயே பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றான், நான் மதுரையில் கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டேன். ஐம்பது வருடச் சிநேகிதம். அவன் பேத்தி அவனுக்கு ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள், அவன் அதை எனக்கும் போட்டுவிட்டான். தினமும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், எதிராளியும் ஒன்று அனுப்ப வேண்டும், பார்த்ததும் படம் அழிந்துவிடும். ஒரு நாளும் விடாமல் இருவரும் அனுப்பிக்கொண்டே வந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெருப்பும் எத்தனை நாள் என்ற எண்ணும் இருக்கும். இதற்கு ஸ்ட்ரீக் என்று பெயர். ஒரு நாள் தவறினால் நெருப்பு அணைந்து எண்ணும் போய்விடும். அணையப்போகும் நேரத்தில் ஒரு மணற்கடிகாரம் வந்து எச்சரிக்கும்.

எழுபது வயதில் இந்த விளையாட்டா என்று முதலில் நானும் சிரித்தேன். இரண்டே மாதத்தில், என் வீட்டு முருங்கைப் பூவை அவனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு வாய்க்காலோ கன்றுக்குட்டியோ வந்த பிறகுதான் காலைக் காபி இறங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் அவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருந்தது. ஜமால். நெருப்பு. ஐநூற்றுச் சொச்சம்.

"யார்ரா இது?"

"கோரிப்பாளையத்துல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காரு மாப்ள, ஜமால் பாய். கண்ணாடி மாத்தப் போயி பழக்கம்."

"கண்ணாடி மாத்துனவனுக்கு ஐநூறு, ஒரே தட்டுல தின்னவனுக்கு நூறா?"

"அடேய், என்னடா சக்களத்தி கணக்கா பேசுற?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன்.

ஆனால் அந்த எண் எனக்குள் இறங்கிவிட்டது. கணக்கு வாத்தியாரின் பொறாமை கணக்காகத்தான் வரும் போலிருக்கிறது. அவர்களுடைய எண் தினம் ஒன்று கூடும். எங்களுடையதும் ஒன்று கூடும். இடைவெளி நானூற்றுப் பத்தொன்பது. நான் நூறு வயது வரை உயிரோடிருந்து ஒரு நாள் விடாமல் அனுப்பினாலும் அது நானூற்றுப் பத்தொன்பதாகவேதான் இருக்கும். அது குறைய ஒரே வழிதான் உண்டு, அவர்களுடையது ஒருநாள் அறுபட வேண்டும். குளிக்கும்போதுகூட இதை நினைத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ராஜாமணிக்கு இதய வால்வு மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு வாரம் போனைத் தொட முடியாது. பரீட்சை நேரத்திலும் ஊருக்குப் போகும்போதும் பிள்ளைகள் நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்து நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களாம். அதே வழக்கப்படி, உள்ளே போவதற்கு முந்தின நாள், அவன் தன் போனை என் கையில் கொடுத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சற்றுத் தள்ளி ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் ஜமால் என்று காட்டினான். எனக்கு வணக்கம் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் தெனம் போட்டுரு மாப்ள. ஒருவேள முடியலைன்னா உன்னத விட்டுரு. பாய்க்கு மட்டும் விட்றாத."

"ஏன், அவரு கோவிச்சுக்கிருவாராக்கும்?"

"அதப் பெறகு சொல்றேன். விட்றாதடா, அம்புட்டுத்தான்."

உன்னத விட்டுரு. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவன் சொன்ன வார்த்தையில் எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

மூன்று நாள் ஒழுங்காகச் செய்தேன். அவன் போனிலிருந்து எனக்கு நானே படம் அனுப்பிக்கொண்டு, என் போன் மணியடித்ததும் அவனே அனுப்பியதுபோல ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஜமாலுக்கு ஒரு வெள்ளைச் சுவரை எடுத்து அனுப்புவேன், அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும் என்ற எண்ணம். அவரிடமிருந்து தினமும் ஒரே படம்தான் வரும். காலி டீ கிளாஸ். அதன் கீழே "எந்திரிச்சிட்டேன்" என்று ஒரு சொல். எழுந்ததற்கெல்லாம் ஒரு படமா என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ஜமாலின் டீ கிளாஸ் வந்தது. அறுநூற்று முப்பத்து மூன்று. நானும் ராஜாமணியும் இருநூற்றுப் பதினான்கு. எனக்கும் அவனுக்கும் போக வேண்டியவற்றை அனுப்பினேன், அப்படித்தான் நினைவு. பிறகு அவன் போனை அணைத்தேன். சார்ஜ் தீரவில்லை, கை தவறவில்லை, நானேதான் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். முந்தின நாள் மாலை ஐந்துக்கு அனுப்பியிருந்தேன், இன்று ஐந்துக்குள் படம் போகாவிட்டால் அவர்கள் நெருப்பு போய்விடும். கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், கிழவனுக்கு மறதி வராதா.

என் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தாள். வாசல் கதவைத் தாழிட்டிருந்தேன். சித்திரை வெயில், தெருவில் நாய்கூட இல்லை. இரண்டு மணியிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன், முன்னால் இரண்டு போன்களும் கிடந்தன. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது, சந்தோஷமாகத்தான் இருந்தது. தூங்கிவிட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மின்விசிறி ஒருமுறை நின்று ஓடியதுகூட நினைவிருக்கிறது.

ஐந்தரைக்கு அவன் போனைப் போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. நெருப்பு அணைந்திருந்தது. ஜமால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பு இருந்தது. அறுநூற்று முப்பத்து நான்கு. படம் போன நேரம் நான்கு பத்து.

நான்கு பத்துக்கு அந்தப் போன் அணைந்து என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. போனை மேசையில் தள்ளி வைத்தேன். அப்புறம் படித்த புத்தி வேலை செய்தது. ஏதோ சர்வர் கோளாறு, முந்தின நாள் படம் தாமதமாகப் போயிருக்கும், ஜமாலைக் கெடுக்கும் அவசரத்தில் எனக்கு அனுப்ப நானே மறந்திருப்பேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒழுங்காக அனுப்பினேன், பயத்தில்.

ராஜாமணி பிழைத்து வந்தான். போனை வாங்கி இரண்டு எண்ணையும் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னத விட்டுட்டு அவருத காப்பாத்திட்டியேடா. உன்னய என்னமோன்னு நெனச்சேன் மாப்ள. பெரிய மனுசன்டா நீ."

அவன் மனைவி, மகன், மருமகள் எல்லோரும் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் அவன் உயிரோடு இருந்தான். போகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லி என்னைப் புகழ்ந்தான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறுவேன், சொல்லாமல் திரும்புவேன். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜமால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோழவந்தான் பிரிவு தாண்டியதும் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்குண்ணே. வீட்டுக்காரி மௌத்தாகிப் போனதுக்கு அப்புறம் நான் கடை தொறக்கல, சாப்பிடல. நம்ம சார்தான் வந்து உக்காந்து, தெனம் எந்திரிச்சு ஒரு டீயக் குடிச்சிட்டு கிளாஸ படம் புடிச்சு அனுப்பு பாய், இந்த நெருப்பு எரியிற வரைக்கும் நீ எங்கயும் போகக்கூடாது, அணைஞ்சா ஒன் இஷ்டம்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நான் நெசமாவே எடுத்துக்கிட்டேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒருநாளு நாலு மணி ஆகியும் வரலண்ணே. மணற்கடிகாரம் வந்துருச்சு. கடைய சாத்திட்டு ஆத்துப் பாலத்துக்குப் போயிட்டேன். அங்கன நிக்கிறப்பத்தான் போனு அடிச்சுச்சு. ஒங்க படம்."

"என் படமா?"

"மத்த நாளெல்லாம் செவுத்தத்தான அனுப்புவீங்க? அன்னைக்குத்தான் ஒங்க மூஞ்சி. மேசைல உக்காந்திருந்தீங்க, முன்னால ரெண்டு போனு கெடந்துச்சு. எதுத்தாப்ல நின்னு யாரோ எடுத்திருந்தாங்க. மதினியா?"

"ஆமா" என்றேன். அதுவும் ஒரு பொய்.

"அதுதான பாத்தேன். யாரையோ ரொம்ப நாளைக்கு அப்புறம் பாத்த மாதிரி நிமிந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்தச் சிரிப்பப் பாத்துட்டுத்தாண்ணே நான் திரும்பி நடந்தேன்."

அவர் கோரிப்பாளையத்தில் இறங்கிக்கொண்டார். மறுநாள் காலை என் போனுக்கு அவருடைய டீ கிளாஸ் வந்தது. இன்றுவரை தினமும் வருகிறது, நானும் அனுப்புகிறேன். இதை அவர் படித்தால் உண்மை தெரிந்துவிடும். தெரியட்டும். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

படத்தை யார் எடுத்தார்கள், எந்தப் போனில் எடுத்தார்கள் என்பதையெல்லாம் என்னால் ஒருவாறு தள்ளிவைக்க முடிகிறது. மனிதனுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. தள்ளிவைக்க முடியாதது அந்தச் சிரிப்பு. அன்று மதியம் எனக்கிருந்தது ஒருவரைக் கெடுக்கிற சந்தோஷம், அதில் அப்படிச் சிரிப்பு வராது, என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கு பத்துக்கு, தாழிட்ட வீட்டுக்குள், என் எதிரே நின்ற யாரையோ நிமிர்ந்து பார்த்து, இன்னார் என்று அடையாளம் கண்டு, சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது யார் என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கிறது.