வடிவாப் பாத்துப் பூசுங்கோ

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்தது ஒரு பழைய பலகை வீடு. மரச்சட்டம், வெளியே பலகை, உள்ளே மெல்லிய அட்டைச் சுவர். வீட்டைக் காட்டிய ஏஜென்ட், இதற்கென்று ஒரு தனி அழகு உண்டு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஊரிலும் பார்த்திருக்கிறேன். இப்படிச் சிரித்துக்கொண்டே மறைத்தவரைப் பார்த்ததில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் வளையில் காற்றுக்கும் பங்கு உண்டு என்பது ஜூன் மாதம், இந்த ஊர்க் குளிர்காலம் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

என் கணவருக்கு இழுப்பு உண்டு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று படுக்கையறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தார். டாக்டர் மருந்தை மாற்றினார், குளிர்காற்று படாமல் இருக்கச் சொன்னார். எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். யார் யாரையோ திருப்பித் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் காலையில் வந்தால், என் வீட்டு மனிதர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்கு அழுகை வராது. எரிச்சல்தான் வரும்.

ஓட்டைகளை நாங்களே அடைத்துக்கொள்ள ஏஜென்ட் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். ஒரு வரிசை முழுக்க ஓட்டை அடைக்கும் பசை டியூப்கள். சிலிக்கான், அக்ரிலிக், பாலியூரித்தேன், நுரை. தூக்கத்தில் கண் எரிந்தது. "இதுல எந்தச் சனியனை எடுக்கிறது?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்ன அக்கா தேடுறீங்கள்?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, கடைச் சட்டை போட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். விஷயத்தைச் சொன்னேன்.

"உள்பக்கம்தானே? அப்ப சிலிக்கான் வேண்டாம். அதுக்கு மேல பெயின்ட் பிடிக்காது, வீட்டுக்காரன் கத்துவான். அக்ரிலிக் எடுங்கோ. பெரிய வெடிப்பு எண்டா முதல் இந்த நுரைக் கயிறை உள்ளுக்குத் தள்ளிப்போட்டு அதுக்கு மேல பூசுங்கோ. சுவரில காத்துப் போக வென்ட் வச்சிருந்தா அதை மட்டும் அடைக்காதேங்கோ. வடிவாப் பாத்துப் பூசுங்கோ அக்கா."

வடிவு என்றால் அழகு. சிட்னிக்கு வந்து ஐந்து மாதமே ஆன எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு நாள் ஜன்னல் சட்டங்களோடு மல்லுக்கட்டினேன். இருபுறமும் டேப் ஒட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவியை அழுத்தி, ஈரவிரலால் வழித்து, டேப்பை உரித்தால் நூல் பிடித்த மாதிரி கோடு. கம்பளிக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"என்ன, கோலம் போடறியா?"

"அழகாப் பூசணும்னு கடைக்காரப் பொண்ணு சொல்லுச்சு. சும்மா இருங்க."

திங்கள் காலை வந்து பார்த்தேன். அதே நாற்காலி.

"கோடு நல்லாருக்கு," என்றார், மூச்சுக்கு நடுவே. "காத்தும் நல்லாருக்கு."

விழலுக்கு இறைத்த நீர். வந்த கோபத்தில் நேராகக் கடைக்குப் போய் போனை அந்தப் பெண் முன் நீட்டினேன். "நீங்க சொன்ன மாதிரி வடிவாத்தான் பூசினேன். பாருங்க!"

படங்களைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா! வடிவா எண்டா கவனமா. எங்க காத்து வருதெண்டு நல்லாத் தேடிப் பாத்துப் பூசச் சொன்னனான். நீங்கள் ஜன்னலுக்கு நகை போட்டு விட்டிருக்கிறீங்கள்!"

நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பின் நடுவிலேயே கண் நிறைந்துவிட்டது. "அவர் படுத்துத் தூங்கி மூணு வாரமாச்சும்மா."

அவள் சிரிப்பு நின்றது. "ஊதுபத்தி இருக்கோ வீட்டில? அவரை வெளியில இருத்திப்போட்டு, பத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவர் ஓரமாப் போங்கோ. புகை எங்க ஆடுதோ அங்கதான் ஓட்டை. ஆக்கள் பாக்காத இடமாப் பாருங்கோ."

அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு, பத்தியோடு வீட்டைச் சுற்றினேன். நான் சிங்காரித்த ஜன்னலருகே புகை நேராக மேலே போனது. சமையலறைத் தொட்டிக்கு அடியில், குழாய் இறங்கும் இடத்தில் நடுங்கியது. படுக்கையறை அலமாரிக்குப் பக்கத்தில் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. அலமாரியை இழுத்துப் பார்த்தால், சுவரடிப் பலகைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வீட்டுக்கு அடியிலிருந்து குளிர் குபுகுபுவென்று ஏறியது. நாசமாய்ப் போக! இத்தனை நாளும் அவர் கட்டிலின் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது.

கயிற்றைத் திணித்தேன், பூசினேன். டேப் இல்லை, ஈரவிரல் இல்லை. கட்டி தட்டிய உப்புமா மாதிரி இருந்தது. தொட்டிக்கு அடியிலும் அதே லட்சணம்தான். முட்டி இரண்டும் விட்டுப்போயின. ஜன்னல்களைத் திறந்து புகையை விரட்டிவிட்டு, அலமாரியைத் தள்ளி அந்த அலங்கோலத்தை மறைத்தேன். மறுபடி வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் காலை எதுவும் மாறவில்லை. அதற்கடுத்த நாளும் நாற்காலிதான்.

வெள்ளிக்கிழமை காலை படுக்கையறைக் கதவைத் திறந்தேன். நாற்காலி காலி. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டதா, கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லையா என்று பைக்குள் போனைத் துழாவினேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குறட்டை.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கால் நீட்டியிருந்தது. தலையணை தலைக்குக் கீழே இருந்தது. நெஞ்சில் விசில் இல்லை.

பையைக்கூட இறக்காமல், அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து, அவரை வடிவாகப் பார்த்தேன்.