இரண்டு கடைவாய்ப் பற்களும் என் மகனுக்குக் கிடைத்த பாலும்

பிரியமானவர்களே, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் எழுந்து சாட்சி சொன்ன இந்தச் சபையில் நான் பல்வலியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பல்லை அடைத்த பிறகும் வலியோடு கிடந்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

அது 1979ஆம் வருஷம். சித்தியவான் பக்கத்தில் நாங்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பிழைப்புக்காக ஈப்போவுக்கு வந்தோம். என் கணவர் லாரியில் சாமான் ஏற்றும் வேலைக்குப் போனார். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. அவன் பிறந்ததிலிருந்து என் பற்கள் கெட்டுப்போய், அரசாங்கப் பல் கிளினிக்கில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டேன். அதோடு வலி தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, கூடிப்போனது.

பச்சைத் தண்ணீர் பட்டால் இடப்பக்கம் சுரீரென்று மண்டைவரை ஏறும். வலப்பக்கமோ ஒரு பருக்கை சோற்றைக் கடித்தாலே உயிர் போகும். கிராம்புத் தைலம் வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கடைசியில் வெதுவெதுப்பான கஞ்சிதான் சாப்பாடு. உடம்பு இளைத்தது. அதோடு தாய்ப்பாலும் குறைந்தது. பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவான். டின் பாலைக் கரைத்துக் கொடுத்தேன், வயிற்றால் போனது. அவன் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

கிளினிக்குக்குத் திரும்பப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். சீன டாக்டரம்மா, சின்ன வயசுதான், தன்மையாக மலாயில் வலிக்கிறதா என்று கேட்டார். நான் "தாக் அப்பா" என்றேன். அதாவது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். துரை கேட்டாலும் கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் வேலை வாங்கும் மண்டோர் கேட்டாலும் நம் வாயில் அதுதான் வரும். கையில் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டும்போதுகூட அதைச் சொன்னவர்கள் நாம்.

என் ஜெபமும் அப்படித்தான் இருந்தது. ஆண்டவரே, உமக்கு எத்தனையோ வேலை, முடிந்தால் என்னையும் கொஞ்சம் பாரும் என்பேன். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். மரியாதை எல்லாம் போய்விட்டது. "ஆண்டவரே, எனக்கு வலிக்குது. எம் பிள்ளைக்குப் பால் இல்ல. ஒங்க மேல எனக்குக் கோவமா இருக்கு" என்று வாய்விட்டு அழுதேன்.

அந்த அழுகை பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்த அன்னம்மாள் அக்கா ஓடி வந்தார். இரண்டு பல்லையும் பிடுங்கிவிடப் போகிறேன் என்றேன். அக்கா தடுக்கவில்லை. என்னோடு உட்கார்ந்து ஜெபித்தார். மறுநாள் கேண்டீனுக்கு லீவு போட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

டாக்டரம்மாவிடம் பல்லைப் பிடுங்கச் சொன்னேன். ஏன், அவ்வளவு வலியா என்று கேட்டார். பிடுங்கச் சொன்ன அதே வாய், வெட்கமில்லாமல் மறுபடியும் "தாக் அப்பா" என்றது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மலாயும் தமிழுமாகக் கலந்து அடித்துப் பேசினார்.

"டாக்டர், இவ பொய் சொல்றா லா. சோறு மென்னு ரெண்டு மாசம் ஆச்சு. இந்தப் பிள்ளைய பாருங்க, பால் இல்லாம எப்படி இருக்கான்னு."

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேடான இடத்தில் மை ஒட்டும் ஒரு நீலத்தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். அடைத்த அன்றும் இதே தாளை வைத்தார்கள். அன்று வாய் மரத்திருந்தது, நானும் பட்டும் படாமல் கடித்துவிட்டுத் தலையாட்டினேன். இப்போது அக்கா, "சோறு மெல்ற மாதிரி நல்லா கடி" என்றார். கடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வலப்பக்கத்து அடைப்பு நொய்யரிசி அளவுக்கு உயர்ந்திருந்ததாம். கடிக்கும் பாரமெல்லாம் அந்த ஒரு பல்லின் மேலேயே விழுந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் ராவிவிட்டார். இடப்பக்கத்துச் சொத்தை ஆழமானது, கூச்சம் மெதுவாகத்தான் அடங்கும், அதிகமானால் உடனே வா என்றார். பிடுங்கத் தேவையே இல்லை.

அன்று மத்தியானம் நெத்திலிச் சம்பலோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். வலப்பக்கம் தொட்டால் இன்னும் நொந்தது, ஆனால் மெல்ல முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்த வாரத்திலேயே பால் ஊற ஆரம்பித்தது. பிள்ளை குடித்துக்கொண்டே தூங்கிப்போனான். இடப்பக்கத்துக்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. கிறிஸ்மஸ் அன்று ஐஸ் போட்ட சிராப் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். கூசவில்லை. அக்கா கைதட்டிச் சிரித்தார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தஞ்சோங் மாலிமில் கார் ஃபேக்டரியில் வேலை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அடுப்படி நினைவுக்கு வருகிறது. பரத்திலிருந்து தூதன் வருவான் என்று காத்திருந்தேன். ஆண்டவர் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பினார்.

அன்றிலிருந்து நான் ஜெபத்தில் மழுப்புவதில்லை. நீங்களும் இன்றைக்கு முழங்கால் போடும்போது, எங்கே வலிக்கிறது என்று அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அப்புறம் டாக்டரிடமும் சொல்லுங்கள். சொல்லத் தைரியம் இல்லையென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் கூட வாரேன்.