உள்பக்கம் பனித்த கண்ணாடி

இது சத்தியமாக நடந்தது. ‘வாட்ஸ்அப்பில் வந்ததா?’ என்று கேலி பேசுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். நடந்த இடம் இரும்புலியூர், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மெக்கானிக் ஷெட். ஷெட்டுக்காரன் ஃபயாஸ் இன்றும் அங்கேதான் இருக்கிறான். இந்த வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். பேய் என்றதும் அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். உச்சி வேளையில் தனியே போகாதே என்று நம் ஜனங்கள் சும்மாவா சொன்னார்கள்?

வண்டிக்காரன் பெயர் டேனியல். நாவலூர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் டாக்ஸி டிரைவர். பழைய டீசல் காரை ஒரு புரோக்கரிடம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“ரேடியேட்டர்ல தண்ணி குறையுது பாய்,” என்றான். “ஓடறப்போ ஒண்ணியும் இல்ல. ட்ரிப்புக்கு நடுவுல ஏசி போட்டுகினு கண்ண மூடுறேன் பாரு, அப்பதான். கண்ணாடி உள்பக்கம் பனி புடிக்குது. கால்மிதி ஈரம். வண்டி கொதிச்சு பஸ்ஸர் கத்துது. தூங்கவே வுட மாட்டேங்குது. பேஜாரா கீது.”

“மூடின வண்டில ஏசி போட்டுகினு தூங்காதன்னு எத்தினி தபா சொல்றது? ஒருநாள் எழுந்திரிக்காமலே பூடுவ.”

“வூட்ல ரோஸியும் அதான் சொல்றா. நீயுமா? ராவும் பகலும் ஓட்டறேன் பாய். வேற எங்க தூங்குறது?”

ஃபயாஸ் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். வேலையை ஆரம்பித்தான்.

முதலில் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு பிடி மஞ்சள்தூளைக் கொட்டி, ஓட்டையை அடைத்து, அடுத்தவன் தலையில் கட்டுவது பழைய வண்டிக்காரர்களின் வித்தை. மஞ்சள் இல்லை. தண்ணீர் பளிங்காக இருந்தது. பிறகு கூலன்ட் டேங்க் வாயில் பிரஷர் பம்பைப் பொருத்தி, காற்று அடித்தான். எங்காவது ஒழுகினால் மீட்டர் ஊசி இறங்கவேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். ஊசி இம்மியும் அசையவில்லை. லீக்கே இல்லை!

“நீ எப்டி தூங்குவியோ அப்டியே தூங்கு. நான் பாத்துகினு கீறேன்.”

டேனியல் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, சீட்டைச் சாய்த்தான். படுத்ததும் தூங்கிப்போனான், பாவம். ஃபயாஸ் திறந்த பானெட்டுக்குப் பக்கவாட்டில் நின்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சின் சூடாக ஆக ஊசி மெல்ல ஏறியது. அது சரிதான்.

பிறகு இறங்கியது.

மறுபடி ஏறியது... இறங்கியது...

யாரோ மூச்சு விடுவதைப் போல.

டேனியலின் நெஞ்சைப் பார்த்தான். அது வேறு தாளத்தில் ஏறி இறங்கியது. ஊசியின் மூச்சு அதைவிட நிதானம். இழுத்து... இழுத்து...

கண்ணாடி பனிக்க ஆரம்பித்தது. ஏசி ஓடும்போது உள்பக்கம் எப்படிப் பனிக்கும்? ஃபயாஸ் கண்ணாடியருகே குனிந்தான். பனியின் நடுவே ஒரு கை. ஐந்து விரல். டேனியலின் கைகள் இரண்டும் அவன் மடியில் கிடந்தன.

பீப்... பீப்... பீப்...

டேனியல் துள்ளி எழுந்தான். கதவைத் திறந்து வெளியே வந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டான். “தலை கனக்குது பாய்... பாத்தியா, இதான்!”

கை எங்கே? கண்ணாடியில் வெறும் ஈரம். யா அல்லா, வெயில்தான் கண்ணைக் கட்டியது என்று ஃபயாஸ் தன்னைத் தேற்றிக்கொண்டான். கால்மிதி நனைந்திருந்தது. மீட்டர் என்ன சொன்னாலும், டேஷ்போர்டுக்குள் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர்தான் ஒழுகுகிறது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. மெட்ராஸில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் கழற்றி, ஒரு குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, குழாயைச் செருகினான். கடைசிக் கிளிப்பை முறுக்கினான். டேனியல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். வண்டிக்குள் ஆள் இல்லை.

டொக்...

கண்ணாடியில். உள்ளேயிருந்து.

டொக்... டொக்...

ஃபயாஸ் முறுக்கினான்.

டொக் டொக் டொக் டொக்...

கிளிப் இறுகியது.

சத்தம் நின்றது.

“சூட்டுல தகரம் அடிக்குது,” என்று டேனியல் சிரித்தான். ஃபயாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி தெளிவு. கால்மிதி காய்ந்தது. டேனியல் அவன் தோளில் தட்டிவிட்டு, நாவலூர் ட்ரிப்புக்குக் கிளம்பிப் போனான்.

இருட்டும் முன்பே ரோஸி போன் செய்தாள். டேனியல் எடுக்கவில்லையாம். ஃபயாஸ் பைக்கில் மேடவாக்கம் வழியாகப் பறந்தான். நாவலூரில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏறவில்லை. தண்ணீர் குறையவில்லை. சாய்த்த சீட்டில் டேனியல். உயிர் இல்லை.

வண்டிக்கு அடியில் சைலன்சர் குழாய் விரிசல் விட்டிருந்தது. விஷப்புகை வண்டியின் அடித்தரை வழியாக உள்ளே போயிருக்கிறது. தண்ணீரைத் தேடியவன் புகையைத் தேடவில்லை.

அடக்கத்துக்கு வந்த, வண்டியை விற்ற புரோக்கர் சுப்ரமணியன், ஃபயாஸைக் கல்லறை மதில் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

“யார்கிட்டயும் சொல்லாத. இதுக்கு முன்னாடி அந்த வண்டிய ஓட்டினவரு பக்தவச்சலம்னு ஒருத்தரு. அவரும் இதே மாரி ஏசி போட்டுகினு தூங்கினவருதான். நடுவுல முழிப்பு வந்துகீது. கதவத் தொறக்கத் தெம்பில்ல. கண்ணாடியத் தட்டித் தட்டியே... யாருக்கும் கேக்கல.”

அப்படியென்றால் இத்தனை நாளாய் டேனியலைத் தூங்கவிடாமல் எழுப்பியது...? எழுப்ப இருந்த ஒரே வழியையும் கிளிப் போட்டு அடைத்தது...?

ஃபயாஸ் திரும்பினான். ரோஸி எதிரே நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“ஷெட்லேர்ந்து கெளம்புறப்போ போன் பண்ணாருண்ணா. பாய் சூப்பரா ரெடி பண்ணிட்டாரு, இன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கப்போறேன்னாரு.”